எங்கள் ஊர் மாட்டாஸ்பத்திரி: மொசலுக்கும் பார்க்கிறார்கள்

வைத்தியம் பார்த்துக்கொள்ள கல்கத்தாவிலிருந்து ரயிலேறி வேலூருக்கு வருகிறார்கள். சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றி லாட்ஜ், மெஸ், மருந்துக்கடை எதுவாக இருந்தாலும் வங்காள மொழியில் ஒரு போர்டு தொங்கும். ஐடா ஸ்கடர் அம்மா 1900இல் ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பித்தது இவ்வளவு பெரிதாகி நிற்கிறது. அந்தப் பக்கம் ராணிப்பேட்டையில், பழைய வடாற்காட்டுக் கணக்கில் அதுவும் நம்ம ஜில்லாதான், மாட்டுக்கும் கோழிக்கும் தடுப்பூசி தயாரிக்கிற நிலையம் 1932லிருந்து நடக்கிறது. இப்படிப்பட்ட சீமையில் ஒரு காட்டு முயலைக் காப்பாற்ற போன வருஷம் சித்திரை வெயிலில் மூணு மணி நேரம் பைக்கில் சுற்றினேன். அது செத்துப்போனது. இந்த வருஷம் இன்னொரு முயல் கிடைத்தது, பிழைத்தது. பிழைக்க வைத்த இடம் எங்கள் ஊர்ப் பக்கத்துக் கால்நடை மருந்தகம். ஊரில் கேட்டால் மாட்டாஸ்பத்திரி என்று சொன்னால்தான் தெரியும். அதற்குத்தான் இந்த மதிப்புரை. கூடவே போன வருஷம் போன இடத்தைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது.

முதலில் ஒன்று. நான் முயல் என்று சொல்வது கூண்டில் வளர்க்கிற வெள்ளை முயலை இல்லை. கணியம்பாடி, அமிர்தி பக்கம் மலையடிவாரக் கொல்லைகளில் ராத்திரி டார்ச் அடித்தால் கண் மினுங்க நின்றுவிட்டு ஒரே பாய்ச்சலில் ஓடுமே, அந்த மொசலு. பழுப்பு உடம்பு, பிடரியில் மட்டும் கறுப்பாக ஒரு திட்டு. இது வளை தோண்டாது. புல்லுக்கு நடுவில் தன் உடம்பு அளவுக்கு ஒரு பள்ளம் செய்துகொண்டு பகலெல்லாம் அதிலேயே அசையாமல் படுத்திருக்கும், காலில் மிதிபடுகிற தூரம் வரை போனால்தான் எழுந்து ஓடும். அதனால் படுத்திருக்கிற முயலெல்லாம் நோயாளி இல்லை. ஆனால் நீங்கள் கிட்டப் போய்க் குனிந்து கையை நீட்டியும் ஓடவில்லை என்றால், சந்தேகமே வேண்டாம், அதற்கு ஏதோ பெரிதாக ஆகிவிட்டது.

போன வருஷம் எனக்கு இது தெரியாது. போர்வெல் பக்கத்துத் தொட்டி நிழலில் ஒன்று வாயைத் திறந்து இளைத்துக்கொண்டு கிடந்தது. மதியம் ஒரு மணி, அக்கினி நட்சத்திரம். நான் கிட்டப் போனேன், ஓடவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம், பாரேன் நம்மிடம் எப்படிப் பழகிவிட்டது என்று. தூக்கி மடியில் வைத்து, பாட்டில் மூடியில் தண்ணீர் எடுத்து வாயில் ஊற்றினேன். பாதி வெளியே வந்தது, பாதி உள்ளே போனது, அது தும்மியது. பிறகு பூக்கூடை ஒன்றில் வைத்து, மேலே ஒன்றும் மூடாமல், காற்று வரட்டும் என்று, பைக் டேங்கில் வைத்துக்கொண்டு வேலூருக்குக் கிளம்பினேன். இதில் எத்தனை தப்பு என்று இப்போது எண்ணிப் பார்த்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

நான் போனது டவுனில் இருக்கிற ஒரு தனியார் செல்லப்பிராணி கிளினிக். பெயர் வேண்டாம். உள்ளே ஏ.சி., கண்ணாடிக் கதவு, சுவரில் நாய்க்குட்டி போஸ்டர், வரிசையில் நாலு நாய். அதில் ஒன்று பெரிய உருவம், என் கூடையைப் பார்த்த நிமிஷத்திலிருந்து குரைப்பதை நிறுத்தவில்லை. நாயைக் கண்டு ஓடுவதற்கென்றே பிறந்த பிராணியை நாலு நாய்க்கு நடுவில் முக்கால் மணி நேரம் உட்கார வைத்தேன். டோக்கன் போட்ட பெண், "அச்சோ, சோ க்யூட்" என்று சொல்லி இரண்டு படம் எடுத்துக்கொண்டது. டாக்டர் வருவதற்குள் அங்கே வேலை செய்கிற பையன் காதுக்குள் உண்ணி இருப்பதைப் பார்த்துவிட்டு, நாய்க்குப் போடுகிற உண்ணி மருந்தைப் பிடரியில் ஒரு குப்பி பிழிந்துவிட்டான். டாக்டர் வந்தார், தூக்கிப் பார்த்தார், ஸ்டெத்தை வைத்தார், "டல்லா இருக்கு" என்றார். அது எனக்கே தெரிந்தது. வாய் வழியாகக் கொடுக்க ஒரு ஆன்டிபயாடிக் சிரப், ஒரு சத்து சொட்டு மருந்து, ஒரு பாக்கெட் முயல் தீனி, எல்லாம் சேர்த்து 1,350 ரூபாய். எங்கே கிடைத்தது, எப்போது கிடைத்தது, எத்தனை நேரமாக இப்படி இருக்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. காட்டு முயல் என்று நான் இரண்டு தடவை சொன்னேன். அதற்கு, "பழகிடும் சார், கேரட் குடுங்க" என்று பதில்.

ராத்திரி பத்து மணிக்கு ஒரு சத்தம் போட்டது. முயல் சத்தம் போடும் என்றே அதுவரை எனக்குத் தெரியாது. குழந்தை வீறிடுகிற மாதிரி இருந்தது. அவ்வளவுதான்.

முயல் பிடிக்கிற நாயை மூஞ்சியைப் பார்த்தாலே தெரியும் என்பார்கள். கிளினிக்குக்கு அது பொருந்தாது. மூஞ்சி ஜோராகத்தான் இருந்தது.

சரி, இந்த வருஷத்துக் கதைக்கு வருகிறேன். எங்கள் கொல்லையை ஒட்டி மாமாவின் கத்தரித் தோட்டம். முள்ளுக் கத்தரிதான், இந்தப் பக்கம் அதற்கு இருக்கிற மவுசு உங்களுக்கே தெரியும், இலவம்பாடிக் காய் என்று சொல்லி உழவர் சந்தையில் வைத்தால் பேரம் பேச மாட்டார்கள். காய்ப்புழு வந்துவிட்டால் மருந்து அடித்தே தீருவார்கள். ஆவணியில் ஒரு நாள் காலையில் ஆறரை மணிக்குத் தண்ணீர் திருப்பப் போனவன் வரப்போரம் அதைப் பார்த்தேன். உட்கார்ந்திருந்தது, ஆனால் உட்கார்ந்த மாதிரி இல்லை, பின்னங்கால் இரண்டும் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. தாடை நனைந்து மார்பு வரை முடி ஒட்டிக்கிடந்தது. உடம்பில் ஒரு நடுக்கம், நிற்காமல், மோட்டார் ஓடுகிற பம்பு மேல் கை வைத்தால் தெரியுமே அப்படி.

இந்தத் தடவை கையால் தொடவில்லை. தோளில் இருந்த துண்டை அதன் மேல் தலையோடு சேர்த்துப் போட்டு மூடினேன், மூடியதும் திமிறல் நின்றது. இருட்டு வந்துவிட்டால் ஒளிந்துகொண்டதாக நினைத்துக்கொள்ளும் போல. பிறகு ஒரு கை மார்புக்கு அடியில், ஒரு கை பின்பக்கத்துக்கு அடியில், துண்டோடு அப்படியே அள்ளி எடுத்தேன். காதைப் பிடித்துத் தூக்குகிற பழக்கம் நம் ஊரில் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம். பின்னங்கால் தொங்குகிற மாதிரி தூக்கினால் அது உதைக்கிற உதையில் அதன் முதுகெலும்பே முறிந்துவிடும், அவ்வளவு பலம் அந்தக் காலுக்கு.

பெட்டி விஷயத்தில் ஒரு சின்ன மதிப்புரையைச் செருகிவிடுகிறேன். போன வருஷத்துக் குற்ற உணர்ச்சியில் 1,100 ரூபாய்க்கு ஆன்லைனில் ஒரு பிளாஸ்டிக் பூனைக்கூண்டு வாங்கி வைத்திருந்தேன், முன்பக்கம் கம்பிக் கதவு, மூணு பக்கம் ஜன்னல். பூனைக்கு நன்றாகத்தான் இருக்கும். காட்டு முயலுக்கு வெளியே நடப்பதெல்லாம் தெரியும், கம்பியில் மோதி மோதி மூக்கை உடைத்துக்கொள்ளும், நகத்தைப் பிய்த்துக்கொள்ளும். மளிகைக் கடையில் சும்மா கொடுக்கிற அட்டைப்பெட்டி அதைவிட நூறு மடங்கு மேல். பக்கத்தில் பென்சில் கனத்துக்கு ஏழெட்டு ஓட்டை, அடியில் கோணிச் சாக்கோ பழைய துண்டோ, காகிதம் மட்டும் வேண்டாம், கால் வழுக்கும். மேலே மூடி, கயிறு. நான் அந்தக் கூண்டை மருமகள் வீட்டுப் பூனைக்குக் கொடுத்துவிட்டேன்.

1962க்கு போன் போடலாமா என்று முதலில் யோசித்தேன். அது கால்நடை ஆம்புலன்ஸ், வீட்டு வாசலுக்கே வருகிற வண்டி, ஆனால் கன்று போட முடியாமல் மாடு தவிக்கிற வீட்டுக்குப் போக வேண்டியது, அதை முயலுக்காக இழுத்தடிக்க மனசு வரவில்லை. மாட்டாஸ்பத்திரி நாலு கிலோமீட்டர். தம்பி வண்டி ஓட்ட, நான் பின்னால் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனோம். மேடு பள்ளம் வரும்போதெல்லாம் மெதுவாகப் போடா என்று சொல்லிக்கொண்டே.

இடத்தைப் பற்றி அழகாகச் சொல்ல ஒன்றும் இல்லை. தகர கேட், வேப்பமரம், மரத்தடியில் ஒரு சிமென்ட் பெஞ்சு, மாட்டை நிறுத்தி ஊசி போடுகிற இரும்புச் சட்டம், அதைச் சுற்றிச் சாணி. உள்ளே ஒரு மேசை, ஒரு பழைய ஃபிரிட்ஜ், மருந்து அலமாரி. எனக்கு முன்னால் மூணு பேர்: வயிறு உப்பின ஆடு, சினை ஊசிக்கு வந்த மாடு, கோழிக்குக் கழிச்சல் என்று கையில் கோழி இல்லாமல் வெறுமனே வந்திருந்த ஒரு பாட்டி. சீட்டு எழுதுகிற அண்ணன் பெட்டியை எட்டிப் பார்க்காமலேயே கேட்டார்.

"இன்னாபா, கோழியா?"

"இல்லணா, மொசலு. காட்டு மொசலு."

"மொசலுக்கெல்லாம் சீட்டு போட்டதில்லயே."

நோட்டைப் புரட்டினார், மாடு, எருமை, ஆடு, கோழி, நாய் என்று கட்டம் கட்டமாக இருந்தது, கடைசியில் 'இதர' என்று இருந்த கட்டத்தில் 'முயல் 1' என்று எழுதி அடிக்கோடு போட்டார். காசு வாங்கவில்லை.

டாக்டரம்மா வெளியே வந்ததும் பெட்டியைத் திறக்கவில்லை. இதுதான் முதல் விஷயம். போன வருஷம் பார்த்தவர் எடுத்த எடுப்பில் காதைப் பிடித்துத் தூக்கினார், இவர் பெட்டியை மூடியபடியே மேசைக்கு அடியில், நிழலில் வைக்கச் சொல்லிவிட்டு என்னிடம் கேள்வி கேட்டார். எங்க இருந்துச்சு? எத்தனை மணிக்குப் பார்த்தீங்க? நடந்துச்சா, இழுத்துச்சா? வாயில எச்சில் வடியுதா? நாயோ பூனையோ வாய் வச்சதா? தண்ணி, பால் எதாவது குடுத்தீங்களா? கடைசியில், "பக்கத்துல யாரானா மருந்து அடிச்சாங்களா தம்பி?"

அடித்திருந்தார்கள். முந்தின நாள் சாயங்காலம், மாமாதான்.

"டப்பா வேணும். போயி எடுத்துனு வாங்க. பேரு ஞாபகம் இருக்குன்னு சொல்லாதீங்க, டப்பாவே வேணும்."

தம்பி போய் எடுத்து வந்தான். லேபிளில் மஞ்சள் முக்கோணம். சிவப்புக்கு அடுத்தபடி கடுமையான விஷம் என்று அர்த்தம், அடுத்து நீலம், பச்சை என்று குறையும். அதே லேபிளில் முறிவு மருந்து என்ன என்றும் பொடி எழுத்தில் போட்டிருக்கும், நான் இத்தனை வருஷம் விவசாயம் பார்த்தும் அதைப் படித்ததில்லை. ஆர்கனோபாஸ்பேட் வகை, நரம்பைத் தாக்குகிற பூச்சிமருந்து என்றார். பிறகுதான் பெட்டியைத் திறந்தார், கையுறை போட்டுக்கொண்டு. எனக்கும் ஒரு ஜோடி கொடுத்தார், ஏனென்றால் முடியில் ஒட்டியிருக்கிற மருந்து நம் தோல் வழியாகவும் இறங்கும். துண்டால் தலையை மூடியபடி ஒரு கண்ணை மட்டும் வெளியே தெரிகிற மாதிரி ஒதுக்கி டார்ச் அடித்துக் காட்டினார். ராத்திரி பிராணி, கண்பாவை பெரிதாக இருக்க வேண்டும். குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கிக்கிடந்தது. எச்சில், நடுக்கம், கண்பாவை சுருக்கம், கழிச்சல், மூச்சில் ஒரு ஈரச் சத்தம், எல்லாம் ஒரே விஷத்தின் கையெழுத்து என்றார். முயல் நேராக மருந்தைக் குடித்திருக்க வேண்டியதே இல்லை, நனைந்த செடிக்குள் ஓடி, பிறகு உட்கார்ந்து பாதத்தை நக்கிச் சுத்தம் செய்திருக்கும், அதிலேயே போதுமானது உள்ளே போயிருக்கும்.

துண்டோடு ஸ்பிரிங் தராசில் தொங்கவிட்டு எடை பார்த்தார்கள், துண்டின் எடையைக் கழித்து 2 கிலோ 100 கிராம். முறிவு மருந்து மாட்டுக்குப் போடுகிற அட்ரோபின்தான், ஆனால் இன்சுலின் போடுகிற சின்ன ஊசியில், எடைக்குக் கணக்குப் போட்டு. அப்போது அவர் சொன்னது எனக்குப் புதிது: பல முயல்களின் ரத்தத்தில் அட்ரோபினை உடைத்துப்போடுகிற நொதி ஒன்று இருக்கிறதாம், அதனால் ஒரு ஊசி போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்து போக முடியாது, பார்த்துப் பார்த்துத் திரும்பப் போட வேண்டும். கால் மணிக்கு ஒரு தடவை வந்து தாடையைத் தொட்டுப் பார்த்தார், ஈரம் குறைகிறதா என்று. நடுவில் ஆட்டுக்கு வயிற்றுக் காற்றை இறக்கினார், மாட்டுக்கு ஊசி போட்டார், பாட்டியிடம் கோழியைக் கொண்டு வராமல் வந்ததற்காகக் கொஞ்சம் சத்தம் போட்டார். ஈரத்துணியால் முயலின் நாலு பாதத்தையும் வாயையும் துடைக்கச் சொன்னார், குளிப்பாட்டக் கூடாது, அந்த அதிர்ச்சியே கொன்றுவிடும். தோலுக்கு அடியில் கொஞ்சம் ட்ரிப்ஸ் தண்ணீர் ஏற்றினார், முதுகில் ஒரு கொழுக்கட்டை மாதிரி உப்பி, ஒரு மணி நேரத்தில் வடிந்துவிட்டது. வாய் வழியாக எதுவும் இல்லை. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. விழுங்கத் தெம்பில்லாத பிராணிக்கு வாயில் ஊற்றினால் அது நுரையீரலுக்குத்தான் போகும் என்றார். நான் பாட்டில் மூடியை நினைத்துக்கொண்டேன்.

அவ்வளவுதான் வைத்தியம். பிறகு மருந்துக் கிடங்காக இருக்கிற பின் அறையில், ஜன்னலைச் சாத்தி, பெட்டியைத் தரையில் வைத்துக் கதவை இழுத்துவிட்டார். ஆட்டோடு வந்த பையன் ஒருத்தன் வீடியோ எடுக்க எட்டிப் பார்த்தான். "அதுக்கு நீயும் ஒண்ணு, நாயும் ஒண்ணு. போடா வெளிய" என்று விரட்டினார். போன வருஷத்து 1,350 ரூபாய்க்கும் இதற்கும் வித்தியாசம் அந்தச் சாத்தின கதவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே என்னென்னவோ செய்தார்கள். இங்கே தேவையானதைச் செய்துவிட்டுக் கையை எடுத்துவிட்டார்கள். காட்டுப் பிராணிக்கு மனுஷன் கை படுகிற ஒவ்வொரு நிமிஷமும் புலி வாயில் இருக்கிற நிமிஷம் மாதிரி. பயத்திலேயே தசை கெட்டு, பிடித்து ஒன்றிரண்டு நாள் கழித்துக்கூடச் செத்துப்போகும் என்றார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து போன வருஷத்துக் கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டார். எதனால் செத்தது என்று பார்க்காமல் சொல்ல முடியாது, வெயிலும் பயமுமே போதும் என்றார், அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் உண்ணி மருந்து என்றதும் முகம் மாறியது. நாய்க்குப் பிடரியில் விடுகிற மருந்துகளில் நிறைய ஃபிப்ரோனில்தான், அது முயலுக்கு விஷம், வலிப்பு வந்து போய்விடும், அட்டையிலேயே முயலுக்குப் போடாதே என்று எழுதியிருப்பார்கள். வாய் வழியாகப் பென்சிலின், அமாக்ஸிசிலின் வகையும் ஆகாது, முயல் வயிற்றில் புல்லைச் செரிக்க உதவுகிற நல்ல கிருமிகளைக் கொன்றுவிட்டுக் கெட்டதை வளரவிடும், நாலைந்து நாளில் கழிச்சல் கண்டு போய்விடும். வெயிலில் சுருண்டு கிடந்தால் நிழலுக்குக் கொண்டுபோய்க் காதை மட்டும் ஈரத்துணியால் ஒற்ற வேண்டும், அதன் காதுதான் அதற்கு ரேடியேட்டர், ஐஸ் தண்ணீரில் முக்கக் கூடாது. பூனை வாய் வைத்திருந்தால் காயம் கண்ணுக்கே தெரியாவிட்டாலும் அன்றைக்கே கொண்டு வர வேண்டும், பூனைப் பல்லில் இருக்கிற கிருமி ஒரு ராத்திரியில் ரத்தத்தில் கலந்துவிடும். நம்மைக் கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு மனுஷ டாக்டரிடம் போக வேண்டும். இதையெல்லாம் எந்தப் போர்டிலும் எழுதி வைக்கவில்லை, எழுதி வைத்தால் நல்லது.

அப்புறம் ஃபாரஸ்ட். வீட்டுக்குக் கொண்டுபோய் நாலு நாள் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று நான் ஆரம்பித்ததுமே கையைக் காட்டி நிறுத்திவிட்டார். 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயல் அரசாங்கச் சொத்து, கையில் கிடைத்தால் 48 மணி நேரத்துக்குள் வனத்துறையிடமோ போலீஸ் ஸ்டேஷனிலோ சொல்லியாக வேண்டும், பாசத்தில் வளர்த்தாலும் கேஸ்தான். ரேஞ்ச் ஆபீசுக்கு அவரே என்னைப் பேச வைத்தார். சாயங்காலம் நாலு மணிக்கு வனக்காப்பாளர் ஒருத்தர் பைக்கில் வந்தார், ஒரு வெள்ளைத் தாளில் எங்கே, எப்போது என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார், முயலைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்துவிட்டு, "இப்ப வுட்டா நரி தூக்கிடும், நாளைக்கு வரேன்" என்று போய்விட்டார். நான் பயந்த மாதிரி அதட்டல் ஒன்றும் இல்லை.

ராத்திரி வாட்ச்மேன் பொறுப்பு. அறுகம்புல் ஒரு கைப்பிடி, வேரோடு பிடுங்கி மண்ணை உதறி, மருந்து அடிக்காத இடத்திலிருந்து, நானே கொண்டுபோய் வைத்தேன். கேரட், முட்டைக்கோஸ் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். காலையில் போய்ப் பெட்டியைத் திறந்தால் புல் இல்லை, மூலையில் புளியங்கொட்டையைவிடச் சின்னதாக உருண்டை உருண்டையாகக் காய்ந்த புழுக்கை. டாக்டரம்மா அதில் ஒன்றை எடுத்து விரலில் உடைத்துப் பார்த்தார், உள்ளே புல் நாராகத்தான் இருந்தது. "வயிறு நல்லா வேல செய்யுது. சாயங்காலம் வுட்ருங்க." பிறந்த குழந்தைக்கு எடை சரியாக இருக்கிறது என்று சொன்ன மாதிரி எனக்கு ஒரு சந்தோஷம்.

அந்தி சாய்ந்ததும் அமிர்தி ரோட்டுப் பக்கம் காப்புக்காடு ஓரத்தில், கத்தரித் தோட்டத்துக்கு எதிர்த்திசையில் வனக்காப்பாளர் பெட்டியைச் சாய்த்தார். கொஞ்ச நேரம் வெளியே வரவே இல்லை. பிறகு வந்தது தெரிந்தது, போனது தெரியவில்லை.

குறைகளும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இது விளம்பரம் ஆகிவிடும். காலையில் போனால்தான் டாக்டர் நிச்சயம், மதியத்துக்கு மேல் கிராமத்துக்கு முகாம் என்று போய்விடுவார், எந்த நாள் எங்கே என்று வெளியே எழுதி வைக்க மாட்டார்கள். போனை எடுத்தால் அதிர்ஷ்டம். ஊசியும் கையுறையும் அன்றைக்கு இருந்தது, இரண்டு வாரம் கழித்து எங்கள் ஆட்டுக்குப் போனபோது ஊசியை வெளியே வாங்கி வரச் சொன்னார்கள். மழை நாளில் அந்த வேப்பமரத்தடியில் நிற்க முடியாது. எக்ஸ்ரே கிடையாது, கால் எலும்பு முறிந்த முயலாக இருந்திருந்தால் இங்கே ஒன்றும் செய்திருக்க முடியாது என்று அவரே சொன்னார். ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன், அந்தக் குறைந்த ஒன்று டாக்டருக்கு இல்லை, போர்டுக்கு.

போன மாசம் இன்னொரு தடவையும் பயன்பட்டது, நேரில் போகாமலேயே. பள்ளிக்கூடம் விட்டு வந்த பசங்க புல்லுக்குள் தனியாகக் கிடந்தது என்று ஒரு மொசக்குட்டியைச் சட்டையில் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். கண் திறந்திருந்தது, உடம்பெல்லாம் முடி, காயம் ஒன்றும் இல்லை. போன் போட்டேன், அதிர்ஷ்டம், எடுத்தார். காட்டு முயல் குட்டி பிறக்கும்போதே கண் திறந்துதான் இருக்கும், தாய் அதை விட்டுவிட்டுத் தள்ளிப் போய் இருப்பதே நரி, நாய் மோப்பம் பிடித்து வராமல் இருக்கத்தான், பொழுது சாய்ந்த பிறகு ஒரு தடவை வந்து பால் கொடுத்துவிட்டுப் போகும். எடுத்த இடத்திலேயே வையுங்கள், மனுஷ வாடை பட்டால் தாய் சேர்க்காது என்பதெல்லாம் சும்மா, மாட்டுப்பால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள் என்றார். பசங்க இடத்தை மறக்காமல் காட்டினார்கள், வைத்துவிட்டு வந்தோம். மறுநாள் காலையில் பள்ளம் காலியாக இருந்தது, நல்லபடியாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டேன்.

மாமா விஷயத்தை விட்டுவிட்டேன். முயலைப் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்த அன்றைக்குக் காலையிலேயே அவர் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அத்த எதுக்குடா ஆஸ்பத்திரிக்கு? எப்டியும் சாவப்போவுது, எங்கிட்ட குடு, ராத்திரிக்கு வறுத்துக்கலாம்" என்றார். அடித்தது அவர் மருந்து, தின்றது முயல், முயலைத் தின்ன நிற்பது அவர். டாக்டரம்மா டப்பாவைப் பார்த்துச் சொன்னதை அப்படியே போய்ச் சொன்னேன், மருந்து தின்று செத்த பிராணியின் குடலிலும் ஈரலிலும் அது இருக்கும், நாய்க்குக்கூடப் போடக் கூடாது, ஆழமாகப் புதைக்க வேண்டும் என்று. அப்போது ஒன்றும் பேசவில்லை. மறுவாரம் மருந்து அடிப்பதற்கு முன்னால் வரப்போரம் மூங்கிலால் தட்டி விரட்டிவிட்டு அடித்தார், நான் பார்த்தேன். ஆனாலும் ஆள் மாறிவிட்டார் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் பார்த்தபோது நாலு பேருக்கு நடுவில் குரலைத் தாழ்த்தி, "ஏண்டா, தராசுல போட்டீங்களாமே, மெய்யாலுமே ரெண்டு கிலோவுக்கு மேல இருந்துச்சா?" என்று கேட்கிறார்.